சம்மதம் கேட்டுப் போனவள்

எங்கள் ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. இலங்கையின் கிழக்கே, கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊர்களில் எங்கள் முஸ்லிம் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம். பெண் பிறந்தால் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அவர் பெரிய நெல் வியாபாரியாக இருந்தாலும் சரி, அரசாங்க உத்தியோகத்தில் கந்தோரில் கதிரை போட்டு இருக்கிறவராக இருந்தாலும் சரி, படுத்தெழும்புவது பெண்சாதியின் வீட்டில்தான். இது தெரியாமல் வந்த ஒரு திட்டத்தில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

சுனாமி வந்துபோன பிறகு கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். அந்த வெற்று நிலத்தில் மரம் நட்டு அலைக்கு ஒரு பச்சை வேலி போடுவதும், பள்ளிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிவந்து கடலைப் பற்றிப் படிப்பிப்பதும் திட்டத்தின் நோக்கம். மாரி மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் வேலை தொடங்கும். அடுத்த மாரிக்கு முன் முடிந்துவிடும். மழைக் காலத்தில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அடுத்த வருஷம் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

தொடக்கத்தில் திட்டக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஆண்களைக் கூட்டி வைத்து, உங்கள் காணிகளில் மரம் நடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டினார்களாம். தன் பெயரில் இல்லாத காணியைக் கொடுக்கத் தலையாட்டினால் யாருக்குக் கழுத்து வலிக்கப் போகிறது? கன்றுகளை நட்டார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அடுத்த கிழமை வந்து பார்த்தால் அத்தனை கன்றும் பிடுங்கி, வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றி, தெருவோரம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பெண்களின் வேலை. கன்றைக் கொல்லவும் அவர்களுக்கு மனமில்லை, வீடு இருந்த வளவை விடவும் மனமில்லை.

அதற்குப் பிறகுதான் பெண்களோடு கதைக்க ஊருக்குள் இருந்தே ஒரு பெண் வேண்டும் என்று தேடினார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். அபாயாவுக்கு மேலே போடுகிற கையில்லாத பச்சைச் சட்டை ஒன்றும், ஒரு சோடி சப்பாத்தும் தந்தார்கள். சந்தியில் நிற்கிற பொடியன்கள் என்னைப் பச்சைக்கிளி என்றார்கள். குனிந்துகொண்டு நடந்தேன். ஆனால் வெட்கம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அது கூச்சம் மட்டும்தான்.

பிள்ளைகளின் வகுப்பு காலையில் நடக்கும். யுத்த காலம், ஆமி முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மணலில் கால் வைக்கலாம். சில நாட்களில் வடக்கே எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டால் அனுமதி இல்லை என்பார்கள், திரும்பிப் போவோம். கிடைத்த நாட்களில் பிள்ளைகளை வட்டமாக இருக்கச் சொல்லுவேன். வட்டம் ஒரு நாளும் வந்ததில்லை. எப்படி இருத்தினாலும் கொஞ்ச நேரத்தில் அரை வட்டமாகிவிடும். ஒரு பிள்ளையும் கடலுக்கு முதுகைக் காட்டி இருக்காது. நான்தான் கடலுக்கு முதுகு காட்டி நின்று, கடல் எங்கள் தோழன் என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் ஒளிய வேண்டும் போலிருக்கும்.

பின்னேரங்களில் என் உண்மையான வேலை. கடலோர வளவுக்காரிகளின் வீடுகளுக்குப் போய்ச் சம்மதம் கேட்பது. வீடுகள் என்றால் உறவுக்காரர் வீட்டு விறாந்தை, தகரக் கொட்டில், வாடகை அறை. அங்கே பாயில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தடையை இனி எடுக்க மாட்டார்கள் என்றும், வெறுமனே கிடக்கிற காணியில் மரம் நின்றால் அடுத்த தடவை கடல் வந்தாலும் ஊர் தப்பும் என்றும் சொல்லுவேன். எனக்கு நன்றாகக் கதைக்க வரும். சில பெண்கள் அழுதுகொண்டு சரி என்றார்கள், சிலர் என்னை ஏசிவிட்டுச் சரி என்றார்கள்.

ஒருத்தி மட்டும் மசியவில்லை. தையல் மெசினை வைத்துக்கொண்டு ஒற்றை மகளை வளர்த்துவந்த மனுஷி அவ. நான் முழுவதையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் மெசினை மிதித்துக்கொண்டே இருந்தா. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னா.

"நல்லாக் கதைக்கிறாய் மகள். முதல்ல உன்ட உம்மாட்டப் போய்க் கேளு. அவ குடுத்தா நானும் தாறன்."

அவவின் வளவுக்கு அடுத்த வளவு எங்களுடையது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா கண்மூடி மௌத்தான பிறகு உம்மா குவைத்துக்குப் போனா. ஒரு தடவை அல்ல, போய் வந்து திரும்பவும் போனா. யாருடைய பிள்ளைகளையோ குளிப்பாட்டி, யாருடைய கக்கூசையோ கழுவி, அனுப்பிய காசில் கடற்கரை வளவில் எனக்கொரு வீடு எழும்பியது. சிவப்புச் சீமெந்துத் தரை, முன் விறாந்தை, இரண்டு அறை, சமைக்கக் குசினி. வளவை என் பெயருக்கு எழுதியும் விட்டா. என் கலியாணத்தோடு குடிபுகலாம் என்று பூட்டி வைத்திருந்தா. நாங்கள் உள்ளே, வயல் பக்கமாக இருந்த, உம்மாவின் தங்கச்சி, சாச்சியின் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். அதனால்தான் கடல் வந்த அன்று எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டைத் தவிர.

பக்கத்து வளவுகளில் எல்லாம் செத்தவர்களின் மையத்து. தையல்காரிக்குப் புருஷனும் மூத்த மகனும் போனார்கள். எங்களுக்குப் போனது கல்லும் சீமெந்தும். அந்தத் தெருவில் வீட்டுக்காக அழ எங்களுக்கு வாய் வரவில்லை. உம்மா யாருக்கு முன்னாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கலங்கி நின்ற சனத்துக்கு நடுவில் உயிரோடு முழுசாக நிற்பதே குற்றம்போல எங்கள் இருவருக்கும் இருந்தது.

தரை மட்டும் மிஞ்சியது. சுவர் இருந்த இடத்தில் கணுக்கால் உயரத்துக்கு இரண்டு வரிசைக் கல். உம்மா ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நடந்து போய் அந்தத் தரையைக் கூட்டுவா. கடற்காற்று திரும்பத் திரும்ப மணலைக் கொண்டுவந்து போடும், உம்மா திரும்பத் திரும்பத் தள்ளுவா. ஏனென்று சாச்சி கேட்டபோது, "கூட்டாத வளவ ஷைத்தான் எடுப்பான், அவன் எடுக்காட்டி அரசாங்கம் எடுக்கும்" என்றா. சாச்சி சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில்லாத வீட்டைக் கூட்டுகிற பைத்தியக்காரியின் மகள் என்று ஊர் சொல்லுமோ என்றுதான் பயந்தேன்.

உம்மாவிடம் நான் கேட்கவில்லை. எங்கள் அதிகாரி மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர், எல்லோரும் சேர் என்போம். அவருக்கு எது என் வளவு என்று தெரியாது. அதைக் கடைசியில் பார்ப்போம், அந்த வீட்டுக்காரி கொஞ்சம் பிடிவாதம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் காதுபடச் சிரித்தார்கள்.

கச்சான் காற்று அடித்து மணல் கொதிக்கிற காலத்தில் தையல்காரியின் வளவும் எங்களுடையதும் மட்டும் மிச்சமாக, எங்கள் வளவுக்கு வந்துவிட்டோம். கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பூவரசங் கன்றோடு தெருவில் நின்றார்கள். ஏற்கனவே சம்மதித்த பெண்கள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தையல்காரியும் நின்றா. தரையின் நடுவில் உம்மா அன்று காலையிலும் கூட்டிக்கொண்டிருந்தா.

"தங்கச்சி, நீங்களே போய்க் கதையுங்கோ. உங்கட கதைக்கு மறுப்பில்லையே" என்று சேர் என்னைத் தள்ளிவிட்டு, பின்னாலேயே வந்தார்.

நான் கிட்டப் போனேன். உம்மா நிமிர்ந்தா. என் பச்சைச் சட்டையைப் பார்த்தா, எனக்குப் பின்னால் நின்ற சேரையும் விருந்தாளிகளையும் பார்த்தா. உம்மாவுக்கு எல்லாம் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. நான் சொல்லாமல் மறைத்ததும், அது இப்போது வெளியே வந்தால் என் வேலை என்னாகும் என்பதும்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டா. பெற்ற நாளிலிருந்து என்னிடம் நீங்கள் போட்டுக் கதைத்ததில்லை.

நான் சேரின் பக்கம் திரும்பினேன். சேர்தான் விளக்கிச் சொன்னார், பணிவாக, அம்மா அம்மா என்று. உம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வளவு என்ட மகள்ட பேர்ல இரிக்கி. அவதான் சம்மதம் செல்லணும்" என்றா.

"மகள் எங்க அம்மா?"

"வேலைக்குப் போயிரிக்கா."

"எப்ப வருவா?"

"பின்னேரம் வீட்ட வருவா. கேட்டுச் செல்றன்."

உம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. சேர் தலையாட்டினார். இன்னொரு நாள் வருவோம் என்று சொல்லித் திரும்பினார். நான் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உம்மாவைத் தெரியாதவள்போலத் திரும்பி இரண்டு எட்டு வைத்தும் விட்டேன். அப்போது எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு சின்னப் பிள்ளை, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், நல்ல சத்தமாகக் கேட்டது.

"டீச்சர், இது உங்கட உம்மாதானே? நீங்கதானே மகள்?"

பெண்களில் யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள். சேரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் தங்கச்சி சொல்லேல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "சரி. அப்ப நீங்களே சொல்லுங்கோ. நடலாமா, வேண்டாமா? வேண்டாமெண்டால் வேண்டாம்" என்றார்.

உண்மையாகவே அவர் எனக்கு வழி விட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் நான் பாயில் இருந்து கதைத்துச் சம்மதிக்க வைத்த பெண்கள். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"நடலாம் சேர்" என்றேன்.

அது நேர்மையில் சொன்னதா, அத்தனை கண்ணுக்கும் பயந்து சொன்னதா என்று இன்றுவரைக்கும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பயந்துதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் கன்றுகளோடு ஓடிவந்தார்கள். கடல் பக்கம் நடுகிற இடத்துக்குப் போக எங்கள் தரையைக் கடக்க வேண்டும். கணுக்கால் உயரக் கல்லைத் தாண்டி நாலு பக்கத்தாலும் பாய்ந்தார்கள். உம்மா விளக்குமாற்றைக் குறுக்கே பிடித்தா.

"சுவரால பாயாதீங்க புள்ளையள். கதவால வாங்க."

பிள்ளைகள் நின்றார்கள். கதவு எங்கே என்று அவர்களுக்கு விளங்கவில்லை. உம்மா நடந்து போய், கல் வரிசை விட்டுப்போயிருந்த ஒரு இடைவெளியில் நின்று காட்டினா.

"இதுதான் வாசல். செருப்பக் கழட்டிட்டு உள்ளுக்கு வாங்க."

பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். வெறும் மணலில், ஒன்றுமில்லாத இடத்துக்கு முன்னால், சின்னச் செருப்புகள் வரிசையாகச் சேர்ந்தன. பிறகு சேர் குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். அவரைப் பார்த்து விருந்தாளிகளும் கழற்றினார்கள். உம்மா ஒவ்வொருவரையும் வாங்க, வாங்க என்று கூட்டிக்கொண்டு போனா. இது ஹோல், இது மகள்ட அறை, இது குசினி, அங்கால போங்க. குடிபுகும் அன்று வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவார்களே, அதேபோல. விருந்தாளிகளில் ஒரு பெண் அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன். என்னுடைய சப்பாத்தைக் கழற்ற நாடா அவிழவில்லை.

"என்ன மகள் வெளியில நிக்கிறாய்? உன்ட வீடுதானே, வா" என்றா உம்மா. மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்தான்.

அன்று சாச்சி வீட்டில் உம்மா சோற்றைப் போட்டு, மீன் துண்டை என் பீங்கானுக்குத் தள்ளிவிட்டா. அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தா. கூட்டப் போகவில்லை. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகவில்லை.

அந்தக் கிழமையே தையல்காரி தன் வளவுக்குச் சம்மதம் சொன்னா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினா.

எனக்குத் தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்தது மெச்சல். அடுத்த பருவம் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொந்தக் காணியையே கொடுத்த பிள்ளை என்று சேர் போகிற இடமெல்லாம் சொன்னார். மருதமுனைப் பக்கம், அக்கரைப்பற்றுப் பக்கம் என்று ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பெண்களுக்கு முன்னால் என் கதையைச் சொல்ல வைத்தார்கள். நானும் எழும்பி நின்று, என்ட உம்மா குவைத்தில் உழைத்துக் கட்டின வீட்டு வளவையே குடுத்தோம் என்று சொன்னேன். முதல் சில தடவை நாக்கு ஒட்டியது. பிறகு எந்த இடத்தில் நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

யுத்தம் முடிந்தது. வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். முகாம் வாசலில் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்கிடையில் கடலோரத் தடையும் ஒவ்வொரு பக்கமாகத் தளர்ந்துபோயிருந்தது. பக்கத்து ஊர்களில் காணி கொடுக்காமல் முரண்டு பிடித்தவர்கள் அத்திவாரம் வெட்டினார்கள், சுவர் எழுப்பினார்கள். கொடுத்தவர்களின் வளவில் பூவரசும் தாழையும் ஆள் உயரத்துக்கு நின்றன. வெட்டலாமா கூடாதா, யாரிடம் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்டப் போனவர்களைப் பொது மரம் என்று ஊரே மறித்தது. திட்டமும் முடிந்துவிட்டது. எங்கள் கந்தோர் இருந்த கட்டடத்தில் ஒரு போன் கடை வந்துவிட்டது.

அந்த நாட்களில் எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை கண்டிப் பக்கம், எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர், வீடு கேட்கவில்லை. என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றா.

ஒரு பின்னேரம் தையல்காரி சாச்சி வீட்டுக்கு வந்தா. மகளையும் கூட்டி வந்திருந்தா. அந்தப் பிள்ளைக்கு வந்த சம்பந்தம் வீடில்லை என்று இரண்டாவது தடவையும் திரும்பிப் போயிருந்தது. அவ என்னை ஏச வரவில்லை. நான் இன்னும் அந்த வேலையில் பெரிய இடத்தில் இருக்கிறேன் என்று நினைத்து, உதவி கேட்டு வந்திருந்தா.

"உன்ட சேரிட்ட ஒருக்காக் கேட்டுச் செல்லு மகள். அந்த மரத்த வெட்டிட்டு ஒரு சின்ன வீட்டப் போட விடுவாங்களா? உன்ட உம்மா குடுத்தாண்டுதானே நானும் குடுத்த."

சேர் மாற்றலாகிப் போய்விட்டார், கந்தோரும் இல்லை, கேட்க ஆளில்லை என்று சொன்னேன். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. தையல்காரிக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அவவின் முகம் என் பக்கம் திரும்பியது. இனி வரப்போவது எனக்குரியதுதான், வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் நின்றேன்.

"அவளக் குத்தம் செல்லாதீங்க ராத்தா" என்றா உம்மா, குசினி வாசலில் இருந்து. "அவ வேணா வேணாண்டுதான் சென்னா. நான்தான் குடு குடுண்டு நின்ட. மத்தவங்களையும் கேட்டு வாங்கு எண்டு நான்தான் அனுப்பின."

நான் வாயைத் திறக்கவில்லை. தையல்காரி எழும்பி உம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, ஒரு தாய் இன்னொரு தாயைச் சபிக்கிற மாதிரிச் சபித்தா. உம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அவ போனா.

இப்போது கண்டியிலிருந்து ஊருக்கு வரும்போது அந்த மனுஷியைத் தெருவில் காண்பதுண்டு. என்னைக் கண்டால் நின்று, பிள்ளைகள் சுகமா மகள் என்று சிரித்த முகத்தோடுதான் கதைக்கிறா. உம்மா மௌத்தான அன்று தெருவே வந்திருந்தது. அவ மட்டும் வரவில்லை.